பேட்டும் பந்தும் தருவார்கள். திடலை யார் தருவார்?

(பாலாற்றங்கரை ஊர் ஒன்றில் இளைஞர்களும் வணிகர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

இன்று நான் பேசப்போகும் விஷயத்தைக் கேட்டதும் உங்களில் சிலர் முகம் சுளிக்கலாம். "சமுதாயத்துக்கு ஆயிரம் பிரச்சினை இருக்கிறது. இந்த ஹஜ்ரத் விளையாட்டையும் ஏரியையும் ஆற்றையும் பற்றிப் பேச வந்துவிட்டாரே!" என்று நினைக்கலாம். நானும் அப்படி நினைத்தவன்தான். என்னை மாற்றியது ஒரு சிறுவன் கேட்ட கேள்வி.

2021 சட்டமன்றத் தேர்தல் நேரம். ஒரு வேட்பாளர் எங்கள் மஹல்லாவுக்கு வந்தார். எந்தக் கட்சி என்பது இங்கே முக்கியமில்லை. ஜமாஅத் நிர்வாகிகளும் நானும் உட்கார்ந்து 11 கோரிக்கைகளைத் தட்டச்சு செய்து வைத்திருந்தோம். இட ஒதுக்கீடு, சிறைவாசிகள் விடுதலை, வக்ஃபு சொத்து மீட்பு, கப்ருஸ்தானுக்குச் சுற்றுச்சுவர், பெண்கள் கல்லூரி... எல்லாம் நியாயமான கோரிக்கைகள். அவரும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

வாசலில் ஒரு பையன். 14, 15 வயதிருக்கும். என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "ஹஜ்ரத், நாங்க விளையாட இடம் கேட்டீங்களா?" என்றான். அது வேட்பாளரின் காதிலும் விழுந்துவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே அவன் தோளைத் தட்டி, "எத்தனை செட் பேட், பந்து வேணும் தம்பி? சொல்லு, அனுப்பி வைக்கிறேன்" என்றார்.

சொன்னபடி அனுப்பியும் விட்டார். அதை மறைக்கக் கூடாது. அந்த பேட்டும் ஸ்டம்பும் ஜமாஅத் அலுவலகப் பீரோவில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடக்கின்றன. ஏன் தெரியுமா? ஸ்டம்பை ஊன்ற மண் இல்லை! பையன்கள் இன்றும் தெருவில்தான் ஆடுகிறார்கள். பந்து சாக்கடையில் விழுகிறது, இல்லாவிட்டால் கடை கண்ணாடியில் விழுகிறது. கடைக்காரர் பந்தைப் பறித்து வைத்துக்கொள்கிறார். அந்தக் கடைக்காரர்களில் சிலர் இங்கேயும் உட்கார்ந்திருக்கிறீர்கள்!

அந்தச் சிறுவன் கேட்டது இடம். கட்சி கொடுத்தது பொருள். இந்த ஒரு சம்பவத்திற்குள் நம் நாட்டுக் கட்சிகளின் விளையாட்டுக் கொள்கை, பொது நிலக் கொள்கை, சுற்றுச்சூழல் கொள்கை மூன்றும் அடங்கிவிட்டன.

கோப்பை உண்டு, திடல் இல்லை

நியாயமாகப் பேசுவோம். எந்தக் கட்சியும் விளையாட்டுக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 1992-ல் அ.தி.மு.க. ஆட்சியில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் அமைக்கப்பட்டது. 1995-ல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் சென்னையில் நடந்தன. 2022-ல் தி.மு.க. ஆட்சியில் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் போட்டிகள் தமிழ்நாட்டின் நான்கு நகரங்களில் நடந்தன. அதே மாதம் அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் ஜல்லிக்கட்டுக்கென்றே ஓர் அரங்கம் திறக்கப்பட்டது. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் கார்ப் பந்தயமே நடந்தது!

கிராமங்களுக்கும் திட்டங்கள் வந்தன. 2020-ல் அ.தி.மு.க. அரசு இளைஞர் விளையாட்டுத் திட்டம் என்றது. 2024-ல் தி.மு.க. அரசு ஊராட்சிகளுக்கு விளையாட்டுக் கருவிகள் வழங்கியது. டெல்லியைப் பாருங்கள். காங்கிரஸ் கூட்டணி அரசு 2008-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பத்தாண்டுகளில் நாட்டின் எல்லா ஊராட்சிகளிலும் விளையாட்டுத் திடல் என்பது அதன் இலக்கு. 2014-ல் அதற்கு ராஜீவ் காந்தி பெயரைச் சூட்டினார்கள். பிறகு பா.ஜ.க. அரசு அதைக் கேலோ இந்தியாவுக்குள் இணைத்துவிட்டது. பெயர்ப்பலகை இரண்டு முறை மாறியது. நம் ஊரில் திடல் வந்ததா? நீங்களே சொல்லுங்கள்!

அரங்கமும் கோப்பையும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் வீட்டுப் பிள்ளையும் அந்த அரங்கில் ஓட வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஆனால் அந்தப் பிள்ளை முதலில் ஓடிப் பழகுவது எங்கே? அரங்கத்தைத் திறந்தால் ரிப்பன் வெட்டலாம், கல்வெட்டில் பெயர் பொறிக்கலாம், பத்திரிகையில் படம் வரும். தெருமுனையில் இரண்டு ஏக்கர் வெறும் நிலத்தை வெறும் நிலமாகவே காப்பாற்றினால் யாருக்கும் கல்வெட்டு கிடைக்காது. ஆகவே எந்தக் கட்சிக்கும் அதில் ஆர்வம் இல்லை.

இளைஞர்களே, இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். அரசியல் சட்டத்தின்படி விளையாட்டு மாநிலப் பட்டியலில் இருக்கிறது. 1992-ல் நிறைவேறிய 74-வது திருத்தம் நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பட்டியலிட்டது. பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் ஆகியவை அந்தப் பட்டியலில் எழுதப்பட்டுள்ளன. அப்படியானால் திடலுக்காக நாம் முதலில் பிடிக்க வேண்டிய ஆள் யார்? எம்.பி.யா? எம்.எல்.ஏ.வா? உங்கள் வார்டு கவுன்சிலர்! ஆனால் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த தமிழக நகராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி வரை தேர்தலே நடக்கவில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவுன்சிலர் என்ற ஆளே இல்லை! அதற்காக நாம் ஒரு துண்டுப் பிரசுரமாவது போட்டோமா? நான் போடவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

நான் ஆடிய திடல்

என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்கிறேன். நான் மதரஸாவில் ஓதிய காலத்தில் அஸர் தொழுகை முடிந்ததும் மஃரிப் வரை எங்களுக்கு விடுமுறை. ஜுப்பாவைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் பாலாற்று மணலுக்கு ஓடுவோம். ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதங்களில் மணல்தான் எங்கள் கால்பந்துத் திடல். எங்கள் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் காலனிப் பிள்ளைகள். அரசுப் பள்ளி மாணவர்களும் வருவார்கள். யாரும் யாரிடமும் சாதி, மதம் கேட்டதில்லை. கோல் போட்டவன் பெயர் மட்டும்தான் எல்லோருக்கும் தெரியும்.

இன்று அந்த இடத்தில் நின்று பாருங்கள். மணல் போய்விட்டது. பள்ளம் இருக்கிறது, சீமைக் கருவேலம் இருக்கிறது, குப்பை இருக்கிறது. 2003-ல் மணல் குவாரிகளை அரசே எடுத்து நடத்தத் தொடங்கியது. அது அ.தி.மு.க. ஆட்சி. பின்னால் வந்த தி.மு.க. ஆட்சியும் அதே வழியில்தான் போனது. அனுமதித்த ஆழம் என்ன, அள்ளிய ஆழம் என்ன என்று கேட்டவர்கள் ஊருக்கு ஊர் மிரட்டப்பட்டார்கள். மணல் என்பது ஆற்றின் பஞ்சு. அது மழைநீரைக் குடித்து வைத்துக்கொண்டு கோடையில் கிணறுகளுக்குக் கொடுக்கும். பஞ்சைப் பிடுங்கினால் கிணறு வற்றும். அன்று பந்தாடிய பிள்ளைகளுக்குத் திடல் போனது. விவசாயிக்குத் தண்ணீரும் போனது. ஒரே லாரியில் இரண்டும் போயின!

ஊருக்குள் இன்னொரு திடல் இருந்தது. ஏரியை ஒட்டிய மேய்க்கால் புறம்போக்கு. பெருநாளைக்கு அங்கே ராட்டினம் போடுவார்கள். மாட்டுச் சந்தையும் அங்கேதான் நடக்கும். ஒரு நாள் அங்கே வணிக வளாகம் கட்டப் போகிறோம் என்று அறிவிப்பு வந்தது. யார் எதிர்த்தார்கள்? யாரும் எதிர்க்கவில்லை! நம் வணிகர்கள் மாலை வாங்கிக்கொண்டு போய் நன்றி சொன்னார்கள். கடை ஏலத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து கை தூக்கியவர்களில் என் தாய்மாமனும் ஒருவர். மாமு, நீங்கள் இங்கே இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். அந்தக் கடையில் வந்த வருமானத்தில் எனக்கும் பெருநாள் சட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள். அதனால்தான் சொல்கிறேன். திடலை விழுங்கியது கட்சிகள் மட்டும் அல்ல. பந்தியில் நாமும் உட்கார்ந்திருந்தோம்.

புறம்போக்கு யாருடையது?

'புறம்போக்கு' என்ற சொல்லை நாம் வசைச் சொல்லாக்கிவிட்டோம். யாருக்கும் உதவாதவனைத் திட்டப் பயன்படுத்துகிறோம். உண்மையில் அது வருவாய்த் துறையின் கணக்குச் சொல். வரி விதிக்கப்பட்ட பட்டா நிலத்துக்குப் புறம்பாக, ஊரின் பொதுப் பயனுக்கு விடப்பட்ட நிலம். ஏரி, குளம், வாய்க்கால், மந்தை, களம், பாதை, சுடுகாடு, இடுகாடு எல்லாம் புறம்போக்குதான். அது யாருடையதும் இல்லை என்று பொருளல்ல. எல்லோருடையதும் என்று பொருள்.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிதல்ல. தண்ணீரிலும் மேய்ச்சல் நிலத்திலும் நெருப்பிலும் மக்கள் கூட்டாளிகள் என்பது நபி (ஸல்) அவர்கள் வகுத்துத் தந்த நெறி. மதீனாவில் குதிரைப் பந்தயங்களுக்கு அவர்களே எல்லை குறித்துக் கொடுத்தார்கள். அவற்றில் ஒரு பந்தயத்தின் முடிவெல்லை ஒரு பள்ளிவாசல்! ஊரில் ஓடுவதற்கு இடம் குறித்து வைப்பது தலைமையின் வேலை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஆனால் நம் நாட்டில் ஆள்பவர்களே பொது நிலத்தை எப்படி நடத்தினார்கள்? வணிகப் பெருமக்களே, நீங்கள் சரக்கெடுக்கப் போகும் தியாகராய நகர் 1920-களில் மாம்பலத்தின் நீண்ட ஏரியைத் தூர்த்து உருவான பகுதி. வள்ளுவர் கோட்டம் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1970-களில் எழுந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒரு பக்கம் குப்பை மேடு தின்றது, இன்னொரு பக்கம் சாலையும் கட்டடங்களும் தின்றன. மிச்சமிருந்ததற்கு 2022-ல் ராம்சர் தளம் என்ற உலக அங்கீகாரம் கிடைத்தது. மகிழ்ச்சி! ஆனால் தின்றதைத் திருப்பித் தர ஆளில்லை.

2015 டிசம்பரை மறந்துவிடாதீர்கள். சென்னை மூழ்கியது. நம் இளைஞர்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, யார் எவர் என்று பாராமல் மக்களைத் தூக்கி வந்தார்கள். பள்ளிவாசல்களைத் திறந்து விட்டோம். சோறு பொங்கினோம். நாடே பாராட்டியது. நல்ல காரியம்தான். ஆனால் தண்ணீர் ஏன் வீட்டுக்குள் வந்தது? தண்ணீரின் வீட்டுக்குள் நாம் போனதால் வந்தது! அதை மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்று 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கையே சொன்னது. வெள்ளத்தில் படகு ஓட்டுவது சேவை. வெள்ளம் வராமல் ஏரியைக் காப்பது அரசியல். முதலாவதில் நாம் முன்வரிசை. இரண்டாவதில் நம்மைக் காணோம்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ல் தி.மு.க. ஆட்சியில் ஒரு சட்டம் வந்தது. ஊர்ப் பொது நிலங்களை மீட்கத் திட்டம் வகுக்கும்படி 2011 ஜனவரியில் உச்சநீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. பிறகு 2023 ஏப்ரலில் என்ன நடந்தது? பெரிய சிறப்புத் திட்டங்களுக்காக நிலங்களை ஒருங்கிணைக்கும் சட்டம் ஒன்று அதே தி.மு.க. ஆட்சியில் சட்டமன்றக் கூட்டத்தொடரின் கடைசி நாளில் விவாதமின்றி நிறைவேறியது. திட்ட நிலத்துக்குள் இருக்கும் ஏரியும் வாய்க்காலும் சேர்ந்து போய்விடும் என்று விவசாயிகள் சங்கங்கள் எதிர்த்தன. ஒரே கட்சி 2007-ல் வேலி போட்டது, 2023-ல் கதவைத் திறந்தது!

காட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. தலைமுறை தலைமுறையாகக் காட்டில் வாழும் மக்களுக்கு அங்கே உரிமை உண்டு என்று 2006-ல் காங்கிரஸ் கூட்டணி அரசு வன உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. இடதுசாரிகள் வெளியிலிருந்து ஆதரித்த அரசு அது. சட்டம் வந்ததில் அவர்களுக்கும் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் அது பல்லாண்டுகள் வழக்கில் சிக்கிக் கிடந்தது. 2022-ல் காட்டுக்குள் மாடு மேய்க்கத் தடை என்று சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. பிறகு அந்தத் தடையைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்ற அளவில் சுருக்கியது. மலைமாடு மேய்ப்பவனின் பிழைப்பு என்ன ஆகும்? புலியைக் காப்பதும் வேண்டும், மேய்ப்பவனும் வாழ வேண்டும். இரண்டுக்கும் வழி சொல்லும் தேர்தல் அறிக்கையை நான் இன்னும் படிக்கவில்லை.

கட்சிகளுக்கு இரண்டு நாக்கு

ஜல்லிக்கட்டைப் பாருங்கள். விளையாட்டும் சுற்றுச்சூழல் அமைச்சகமும் மோதிய வழக்கு அது. 2009-ல் தி.மு.க. அரசு அதை முறைப்படுத்திச் சட்டம் இயற்றியது. 2011-ல் டெல்லியில் தி.மு.க.வும் பங்கு வகித்த காங்கிரஸ் கூட்டணி அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம், காட்சிக்குப் பழக்கக் கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையைச் சேர்த்தது. 2014 மே மாதம் உச்சநீதிமன்றம் தடை விதித்தது. 2016 ஜனவரியில், தமிழகத் தேர்தலுக்குச் சில மாதங்களே இருந்தபோது, பா.ஜ.க. அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டு அனுமதித்தது. அதற்கு ஒரே வாரத்தில் நீதிமன்றம் தடை போட்டது. 2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர்கள் உட்கார்ந்தார்கள். கட்சிக் கொடியை உள்ளே விடவில்லை. சில நாட்களில் அவசரச் சட்டம் வந்தது, அடுத்து சட்டமே வந்தது. 2023 மே மாதம் உச்சநீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது.

ஜல்லிக்கட்டு வேண்டுமா வேண்டாமா என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. இதிலுள்ள பாடம் வேறு. மக்கள் ஒரு கோரிக்கையோடு உறுதியாக உட்கார்ந்தால் இரண்டு நாக்குக் கட்சிகளெல்லாம் ஒரே நாக்கில் பேசுகின்றன!

தூத்துக்குடியையும் பாருங்கள். தாமிர ஆலைக்கு 1994-ல் அடிக்கல் நாட்டியது அ.தி.மு.க. ஆட்சி. பின்வந்த தி.மு.க. ஆட்சிகளிலும் அது ஓடியது, வளர்ந்தது. 2018 மே 22-ல் மூச்சுவிடக் காற்று கேட்டு ஊர்வலம் போன மக்கள் மீது துப்பாக்கிச் சூடு. 13 உயிர்கள்! அதற்குப் பிறகுதான் ஆலை மூடப்பட்டது. 2020-ல் அதே அ.தி.மு.க. ஆட்சி காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் போட்டது. அதை வரவேற்போம். டெல்லியில் பா.ஜ.க. அரசு 2020-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு ஒன்றை வெளியிட்டது. மக்களிடம் கருத்துக் கேட்பதைக் குறைக்கும் வரைவு என்று நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 2023-ல் வனப் பாதுகாப்புச் சட்டத்தையும் திருத்தியது.

எதிர்க்கட்சியாக இருந்தால் பச்சை, ஆளும் கட்சியானால் சிமெண்ட் நிறம். இதுதான் நான் கண்ட கொள்கை விளக்கம்.

பாலாறு நம்மைக் கேட்கிறது

சகோதரர்களே! இதுவரை கைதட்டினீர்கள். இனி தட்ட மாட்டீர்கள். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கர்நாடகத்தையும் ஆந்திரத்தையும் குறை சொல்வது எளிது. பாலாற்றுக்கு நாம் செய்தது என்ன? வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை... தோல் தொழில் நம் சமுதாயத்தில் கணிசமானவர்களுக்கு வாழ்வு கொடுத்தது. அந்தப் பணத்தில் பள்ளிக்கூடங்கள் எழுந்தன, கல்லூரிகள் எழுந்தன, மதரஸாக்கள் எழுந்தன. நான் ஓதிய மதரஸாவின் சோறும் அதில் அடக்கம். அந்த நன்றியோடுதான் பேசுகிறேன்.

முன்பு ஆவாரம் பட்டையில் தோல் பதனிட்டார்கள். 1970-களில் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் குறைத்து, முழுமையாக முடித்த தோலை அனுப்பச் சொல்லி மத்திய அரசு கொள்கை வகுத்தது. அன்னியச் செலாவணி வேண்டும் என்றார்கள். குரோமியம் பரவலாக வந்தது. கழிவு எங்கே போகும் என்று அந்த அரசும் கேட்கவில்லை, தொழில் செய்தவர்களும் கேட்கவில்லை. நீர்நிலைக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இத்தகைய தொழில் கூடாது என்று 1989-ல் அரசாணை வந்தது. அதற்குள் பல ஊர்க் கிணறுகள் கெட்டுவிட்டன.

1991-ல் வழக்கு உச்சநீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. இந்தியாவின் சுற்றுச்சூழல் சட்டத்தைப் படிக்கும் ஒவ்வொரு மாணவனும் படிக்கும் தீர்ப்பு அது. கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்ற விதியை நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதியாக்கிய தீர்ப்பு. தோல் தொழில் நடக்கும் பகுதிகளில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பாழானது என்ற கணக்கு அதில் பதிவானது. ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். நம் ஊரின் பெயர் சட்டப் புத்தகத்தில் ஏறியது இப்படியா ஏற வேண்டும்?

கெட்ட கிணற்றின் சொந்தக்காரன் யார்? இந்து விவசாயி, முஸ்லிம் விவசாயி, தலித் கூலித் தொழிலாளி. உப்பும் குரோமியமும் சாதி மதம் பார்க்கவில்லை. 2015 ஜனவரி 31-ல் இராணிப்பேட்டையில் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த ஏழைகள். அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள்.

இதில் கட்சிகளின் பங்கு என்ன? மௌனம்! தேர்தல் நிதிக்கு முதலாளி வேண்டும், ஓட்டுக்குத் தொழிலாளியும் விவசாயியும் வேண்டும். ஆகவே வாய் திறக்கவில்லை. நம்மிடம் வந்தால் "உங்கள் தொழிலை நசுக்கப் பார்க்கிறார்கள்" என்றார்கள். விவசாயியிடம் போனால் "ஆற்றைக் கெடுத்துவிட்டார்கள்" என்றார்கள். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, பல ஆலைகள் திருந்தின. அதை மறுக்கவில்லை. ஆனால் கதை முடியவில்லை. 2025 ஜனவரி 30-ல் உச்சநீதிமன்றம் மீண்டும் பாலாற்றைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு ஈடு கொடுத்துவிட்டு அதை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும், சேதம் சரியாகும் வரை பொறுப்பு தீராது என்றது. 29 ஆண்டுகளாகத் தீராத கணக்கு!

தொழில் அழிய வேண்டும் என்று நான் சொன்னதாக யாரும் வெளியே போய்ப் பேச வேண்டாம். தொழில் நிலைக்க வேண்டுமென்றால் கணக்கு நேராக வேண்டும். வியாபாரத்தில் எடை குறைப்பது பாவம் என்று நமக்குத் தெரியும். அடுத்தவன் கிணற்றில் நம் செலவை இறக்கி வைப்பதும் எடைக் குறைப்புதான். நமக்குத் திடல் கேட்கும் வாய், அவன் தண்ணீருக்கும் பேச வேண்டும். இல்லாவிட்டால் நம் கேள்விக்கு மதிப்பிருக்காது.

பேரேட்டில் எழுதுங்கள்

வணிகர்களே! ஒரு மூட்டை அரிசியைக் கடனுக்குக் கொடுத்தால் பேரேட்டில் எழுதுகிறீர்கள். பெயர், தேதி, தொகை எல்லாம் எழுதுகிறீர்கள். ஐந்தாண்டுக்கு ஓட்டைக் கடன் கொடுக்கிறீர்களே, எங்கே எழுதினீர்கள்? இனி எழுதுங்கள். என்ன கேட்பது என்று ஐந்து செய்திகள் சொல்கிறேன்.

ஒன்று: இடம் கேட்டால் புல எண்ணோடு கேளுங்கள். "விளையாட்டுத் திடல் வேண்டும்" என்றால் "ஆவன செய்கிறேன்" என்பார்கள். "இந்தப் புல எண், இத்தனை ஏக்கர், 'அ' பதிவேட்டில் மேய்க்கால் என்று இருக்கிறது, இன்று அங்கே இன்னார் வேலி போட்டிருக்கிறார்" என்று சொல்லிப் பாருங்கள். பேச்சு மாறும். இளைஞர்களே, கிராம நிர்வாக அலுவலரிடம் போய் 'அ' பதிவேடும் புலப்படமும் கேளுங்கள். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் உங்கள் கையில் இருக்கிறது.

இரண்டு: மனைப்பிரிவுகளைப் பாருங்கள். பெரிய மனைப்பிரிவு போட்டால் பத்தில் ஒரு பங்கு திறந்தவெளியாக விட்டு உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. நம்மில் பலர் மனை வாங்குகிறோம், சிலர் விற்கிறோம். வரைபடத்தில் 'பூங்கா' என்று பச்சை அடித்த இடம் இன்று என்ன ஆயிற்று? விற்றவர் நம்மவரானாலும் கேளுங்கள்.

மூன்று: இருக்கும் இடத்தைத் திறக்கச் சொல்லுங்கள். அரசுப் பள்ளி மைதானம் மாலையில் பூட்டிக் கிடக்கிறது. காவலாளி சம்பளம், விளக்குச் செலவு என்று காரணம் சொன்னால் வணிகர் சங்கம் அந்தச் செலவில் பங்கு ஏற்கட்டும். நம் வக்ஃபு நிலங்களில் வெறுமனே கிடப்பவை உண்டா? வக்ஃபு செய்தவரின் நிபந்தனைக்கு உட்பட்டு எல்லாச் சமூகப் பிள்ளைகளுக்கும் மாலையில் திறந்துவிட முடியுமா என்று ஜமாஅத்துகள் ஆலோசிக்கட்டும். பெண் பிள்ளைகளுக்கும் ஒரு நேரம் ஒதுக்குங்கள். ஓடியாட அவர்களுக்கும் உடம்பு இருக்கிறது.

நான்கு: பாலாற்றுக்காக விவசாயிகளோடு ஒரே மேடையில் உட்காருங்கள். ஈட்டுத் தொகை யாருக்குச் சேர்ந்தது, சுத்திகரிப்பு நிலையம் இரவிலும் ஓடுகிறதா, தொட்டிக்குள் இறங்கும் தொழிலாளிக்குப் பாதுகாப்பு உண்டா என்ற மூன்று கேள்விகளை எல்லா வேட்பாளரிடமும் எழுத்தில் கேளுங்கள்.

ஐந்து: சின்ன விஷயத்தில் நேர்மையாயிருங்கள். 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. "கடைக்காரனைப் பிடிக்கிறார்கள், உற்பத்தி செய்பவனை விடுகிறார்கள்" என்று நீங்கள் குமுறியது நியாயம். அதையும் கட்சிகளிடம் கேளுங்கள். ஆனால் நம் கடைப் பையும் நம் திருமண மண்டபத்துத் தண்ணீர்ப் பாட்டிலும் நம் ஏரியிலேயே மிதக்கும்போது நம் குரல் கம்முகிறது.

எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவது என்று கடைசியில் கேட்பீர்கள். நான் சொல்ல மாட்டேன். பேரேட்டைத் திறந்து பாருங்கள். அதில் தெரியும்.

அந்தப் பையனுக்கு இப்போது மீசை முளைத்துவிட்டது. போன மாதம் கையில் ஒரு காகிதத்தோடு வந்தான். பழைய வாய்க்கால் ஓரத்தில் ஒன்றரை ஏக்கர் புறம்போக்கு, அதன் புல எண், வரைபட நகல் எல்லாம் எடுத்து வைத்திருந்தான். "ஹஜ்ரத், இந்த முறை பேட் கேட்காதீங்க. இந்த நம்பரைக் கேளுங்க" என்றான். கோரிக்கைப் பட்டியலில் அதை முதலாவதாகச் சேர்த்திருக்கிறேன். உங்கள் ஊர் நம்பர் என்ன?

வல்ல இறைவன் நம் பிள்ளைகளுக்கு ஓட மண்ணையும், நம் அண்டை வீட்டாருக்குக் குடிக்க நல்ல தண்ணீரையும், நமக்கு உண்மையைப் பேசும் நாக்கையும் தருவானாக!